பியானோ கேள்வி பதில்

கேள்வி: மகள் இசையமைப்பாளர் பாக்கின் சி மேஜர் பிரெலூட் (சிறு முன்னிசை) வாசிக்கிறாள். ஒலியை நீட்டும் பெடல் போட்டால் எல்லாம் கலங்குகிறது, எடுத்தால் தட்டச்சு மாதிரி கேட்கிறது. என்ன செய்யலாம்? (வாசகி, ஜோர்ஜ் டவுன்)

பதில்: கோளாறு பெரும்பாலும் இடக்கையில்தான் அம்மா. 1722-இல் பாக் தொகுத்த நூலின் முதல் பிரெலூட் இது. அன்றைய ஹார்ப்சிகார்டில் இந்தப் பெடல் கிடையாது. சுரத்தை விரலே பிடித்து நிறுத்தியாக வேண்டும். ஒவ்வொரு அரை பாரிலும் (பார் என்பது நான்கு தட்டுள்ள ஒரு பகுதி) எட்டுச் சிறு சுரங்கள். முதல் இரண்டும் இடக்கைக்கு. அந்த இரண்டு கட்டைகளையும் எட்டாவது சுரம் முடியும்வரை விடக்கூடாது என்றுதான் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் தொட்டதும் விட்டுவிடுகிறார்கள், பிறகு பெடலால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள்.

ஒரு வாரம் பெடல் வேண்டாம். பாருக்கு ஒரு கார்டாக, அதில் வரும் வெவ்வேறு ஐந்து சுரங்களையும் சேர்த்து அழுத்தி, 32-ஆம் பார் வரை போகட்டும். 8-ஆம் பாரில் இடக்கையின் பி-யும் சி-யும் உரசுவது காதில் விழ வேண்டும். 24 முதல் 31 வரை அடியில் ஜி நகராது. இறுக்கம் அங்கே ஏறி, 32-இல் சி வந்ததும் தளர்கிறது. பெடலைத் திரும்பச் சேர்க்கும்போது, பாரின் முதல் சுரம் ஒலித்த பிறகு மாற்றுங்கள். முன்பே மாற்றினால் அடிச்சுரம் அறுந்துபோகும். எதிரொலிக்கும் கூடமென்றால் அரை பாருக்கு ஒருமுறை.

வேகம், சத்தம் எதையும் பாக் குறிக்கவில்லை. புத்தகத்தில் இருப்பவை பதிப்பாசிரியர் போட்டவை. மெட்ரோனோமில் குரோட்செட் (ஒரு தட்டு நீளச் சுரம்) நிமிடத்துக்கு 66 என்ற அளவில் வைத்தால் போதும் என்பது என் கருத்து. உச்சிச் சுரத்தைப் பாட்டாக இழுத்து வாசிப்பதை மட்டும் தடுத்துவிடுங்கள், இங்கே பாட்டே கிடையாது.

கேள்வி: இதே பிரெலூட் என் பழைய புத்தகத்தில் 36 பார், நண்பரிடம் 35. எது சரி? (வாசகர், செந்தூல்)

பதில்: 35. உங்கள் புத்தகத்தில், அடிச்சுரம் எஃப் ஷார்ப்பில் நிற்கும் 22-ஆம் பாருக்கும் ஏ ஃபிளாட்டில் நிற்கும் 23-ஆம் பாருக்கும் நடுவே ஒரு பார் செருகப்பட்டிருக்கும். ஷ்வென்கே என்பவர் கைவரிசை. பாக்கின் கையெழுத்துப் பிரதியில் அது இல்லை. அந்தத் தாவல் கரடுமுரடு என்று நினைத்திருக்கலாம். ஆனால் எஃப் ஷார்ப்பும் ஏ ஃபிளாட்டும் இருபுறமும் நெருக்கி, 24-இல் ஜி-யில் விழுவதுதானே அழகு! பென்சிலால் அடித்துவிடுங்கள்.

தேவாலயத் திருமணத்தில், இந்தப் பிரெலூட்டின் மேல் அமைந்த பாட்டான குனோவின் ஆவே மரியாவுக்கு வாசிப்பதானால் அழிக்க வேண்டாம். குனோ அந்தப் பாரையும் சேர்த்தே மெட்டமைத்தார். விட்டால் பாடுபவர் ஒரு பார் பின்தங்கி நிற்பார்.