மிளகு, தோல், அடிப்பிடித்த பால்கோவா – கடிதம்

அன்புள்ள ஐயா,

துபாயிலிருந்து வந்த என் மைத்துனர் நிகராகுவா சுருட்டு மூன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். விலையைக் கேட்ட மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து உறையூர்ச் சுருட்டு பிடித்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவரைப் போலவே நுனியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுப் பற்றவைத்தேன். மேல் இலை பிரிந்துகொண்டே வந்தது. இருபது நிமிடத்தில் பாதியைத் தாண்டியபோது வியர்த்துக் கொட்டி, தலை சுற்றி, கட்டிலில் போய் விழுந்தேன். இணையத்தில் அதே சுருட்டுக்குக் கோகோ, கருமிளகு, தோல், தேவதாரு என்றெல்லாம் ருசி எழுதி 94 மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது புகை மட்டும்தான். இந்த ருசிகள் உண்மையா, இல்லை காசுள்ளவர்களின் பாவனையா? கியூபாதானே உசத்தி என்பார்கள்? மீதி இரண்டையும் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

செந்தில், திருச்சி

அன்புள்ள செந்தில்,

மயக்கத்தை முதலில் முடித்துவிடுவோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகவேண்டிய சுருட்டை நீங்கள் சிகரெட் வேகத்தில் இழுத்திருக்கிறீர்கள். வெறும் வயிறாகவும் இருந்திருக்கும். நிகராகுவாவின் சுருட்டு ஊரான எஸ்தெலியில் செய்யும் சுருட்டுகளில் லிஹேரோ என்ற இலை தாராளமாக இருக்கும். செடியின் உச்சியில் வெயிலை வாங்கித் தடித்த இலை அது. நிகோடின் அதிகம், மெதுவாக எரியும். அதனால்தான் சுற்றுபவர்கள் அதை நடுவில் வைப்பார்கள். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். வேகம் கூடினால் சூடேறிக் கசந்துவிடும். புகையை நெஞ்சுக்குள் விடக்கூடாது. நெஞ்சுக்குள் விடாததால் தீங்கில்லை என்று சுருட்டுக்காரர்கள் சொல்வது மட்டும் சுத்தப் பொய். அந்தப் புகைக்குக் காரத்தன்மை உண்டு, நிகோடின் வாய்க்குள்ளிருந்தே ரத்தத்தில் ஏறும். வாய், தொண்டை, உணவுக்குழாய் மூன்றிலும் புற்றுநோய் வரக்கூடும். வருடத்துக்கு நாலைந்து பிடிப்பவன் தெரிந்தே எழுதுகிறேன்.

மேல் இலை பிரிந்ததற்குத் தாத்தாதான் காரணம். செரூட் என்ற ஆங்கிலச் சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். அந்த வகைக்கு இரண்டு முனையும் வெட்டித் திறந்திருக்கும். நிகராகுவாச் சுருட்டின் தலையைச் சின்ன இலைத்துண்டால் ஒட்டி மூடியிருப்பார்கள். அதில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் சீவவேண்டும். தலை முடிந்து உடம்பு தொடங்கும் தோள்வரை கடித்தால் வேட்டி அவிழ்ந்த கதைதான்.

இனி ருசி. அதில் யாரும் கோகோவைக் கலக்கவில்லை. அறுத்து உலர்த்திய இலைகளை ஆளுயரத்துக்கு அம்பாரமாக அடுக்கி வைப்பார்கள். தன் சூட்டிலேயே அது நொதிக்கும். சூடு அளவு மீறும்முன் அம்பாரத்தைக் கலைத்து, மேலிருந்ததை உள்ளே வைத்துத் திரும்ப அடுக்குவார்கள். அம்மோனியா நாற்றம் மெல்ல மெல்ல வெளியேறும். பிறகு வருடக்கணக்கில் கிடப்பு. மண்ணும் கூடச் சேர்கிறது. எஸ்தெலியின் கரிய மண்ணில் விளைந்தது காரமாக இருக்கும். ஹோண்டுராஸ் எல்லையை ஒட்டிய ஹலாப்பா இலையில் கொஞ்சம் இனிப்பு. ஏரி நடுவே எரிமலைத் தீவான ஒமெதெப்பேயிலும் பயிரிடுகிறார்கள்.

ஹூஸ்டனில் என் அக்கா மகன் வீட்டுப் பின்கட்டில் பத்ரோன் 1964 என்ற நிகராகுவாச் சுருட்டு ஒன்றைப் பிடித்தேன். எக்ஸ்க்ளூசிவோ அளவு, கரிய மடூரோ இலை. உருண்டையாக இல்லாமல் நான்கு பக்கமும் அமுக்கிச் சதுரித்த உடம்பு. பற்றவைக்காமலே ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். காய்ந்த வைக்கோலும் உலர்ந்த திராட்சையும். முதல் அங்குலத்தில் புகையைக் கொஞ்சம் மூக்கு வழியாக விட்டபோது மிளகு சுள்ளென்று ஏறிக் கண்ணில் நீர் வந்தது. பிறகு அது அடங்கி, வறுத்த காபிக்கொட்டை. நடுப்பகுதிக்கு வந்தபோது நாக்கின் ஓரத்தில் ஓர் இனிப்பு. மருமகனின் அமெரிக்க நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து ‘தோல், தேவதாரு’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். தோல் என்றதும் எனக்குச் செருப்புக்கடைதான் ஞாபகம் வந்தது. என் நாக்கில் இருந்தது அடிப்பிடித்த பால்கோவா. சட்டியில் சுரண்டி எடுப்போமே, அந்தப் பகுதி. இருவருமே பொய் சொல்லவில்லை. அவர் வளர்ந்த வீட்டில் தேவதாருப் பெட்டி இருந்தது, எங்கள் வீட்டில் சட்டி இருந்தது. உங்களுக்குக் கருப்பட்டியோ வறுத்த மல்லியோ தோன்றினால் அதையே எழுதிக்கொள்ளுங்கள். கடன் வாங்கிய சொற்களை நாக்கில் தேடினால் புகை மட்டும்தான் கிடைக்கும்.

நான் மதிப்பிடுவது வேறு விஷயங்களை. இழுப்பு தடையில்லாமல் வருகிறதா, அதே சமயம் காற்றுக்குழாயாகவும் இல்லையா? நெருப்பு வட்டமாக இறங்குகிறதா, ஒரு பக்கம் ஓடுகிறதா? சாம்பல் ஓர் அங்குலமாவது நிற்கிறதா? இதற்கெல்லாம் சொல்வளம் வேண்டாம், கண் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது மாறுகிறதா? தொடக்கத்தில் இருந்த ருசியே கடைசிவரை இருந்தால், எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒரே ராகத்தை ஒரே சங்கதியில் கேட்பதுபோல.

94ஐ நம்பாதீர்கள். 100க்கு என்று பெயர்தான்; 85க்குக் கீழே நான் பார்த்தது அபூர்வம். விலை செய்யும் வேலையை ஒருமுறை வீட்டிலேயே சோதித்தேன். மூன்று சுருட்டுகளின் காகிதப் பட்டையையும் மருமகனைக் கழற்றித் தரச்சொல்லி, மூன்று மாலைகளில் பிடித்தேன். நான் முதலிடம் கொடுத்தது இருப்பதிலேயே மலிவானது. விலை உயர்ந்தது மூன்றாவதாக வந்தது. பட்டையோடு பிடித்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

கியூபா பற்றி. 1959 புரட்சிக்குப் பின் அங்கிருந்து கிளம்பிய புகையிலைக் குடும்பங்கள் விதையோடும் கைத்திறனோடும்தான் நிகராகுவாவுக்கு வந்தன. ஹோசே ஒர்லாண்டோ பத்ரோனும் கியூபாக்காரர்தான். 1964இல் மயாமியில் சுருட்டுத் தொழிலைத் தொடங்கியவர். பிறகு எஸ்தெலியில் அவர் வைத்த தொழிற்சாலை 1978 கலவரத்தில் எரிந்தது. 1985இல் அமெரிக்கா நிகராகுவா மீது வணிகத் தடை போட்டது, 1990வரை நீடித்தது. ஒரு புரட்சிக்குத் தப்பி வந்தவர்கள் நிகராகுவாவில் இன்னொரு புரட்சியில் மாட்டிக்கொண்டார்கள். இன்று அமெரிக்காவுக்குக் கைச்சுருட்டு அதிகம் அனுப்பும் நாடு நிகராகுவா. உசத்தி என்ற பேச்சில் பாதி, அமெரிக்கர்களுக்குக் கியூபாச் சுருட்டு 1962 முதல் கிடைக்காததால் வந்த ஏக்கம் என்பது என் எண்ணம்.

அந்த இரண்டையும் இன்றே ஃப்ரிட்ஜிலிருந்து எடுங்கள். ஃப்ரிட்ஜ் இலையை அப்பளமாகக் காயவைத்துவிடும், நேற்றைய மீன்குழம்பின் வாசனையும் ஏறும். திருச்சி வெயிலில் சும்மா மேசைமேல் வைத்தாலும் ஆபத்து: 25 டிகிரிக்கு மேல் போனால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரியலாம். காற்றுப் புகாத டப்பாவில் உள்ளே 69 சதவீத ஈரப்பதத்தைக் காக்கும் உறை ஒன்றைப் போட்டு, வீட்டிலேயே குளுமையான மூலையில் மூன்று வாரம் விடுங்கள். பிறகு ஒருநாள், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு.