கோட்டருகே நின்றவர்

அன்புள்ள ஐயா,

நான் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் வாலிபால் அணியின் கேப்டன் பத்தாம் வகுப்பு மாணவன், அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் நல்ல செட்டர். குறுவட்டப் போட்டிக்கு முந்தைய வாரம் சொல்லாமல் கொள்ளாமல் பயிற்சிக்கு மட்டம் போட்டான். "போட்டியில் உன்னை இறக்க மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவன் இடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனைப் போட்டுப் பழக்கினேன். போட்டியன்று காலை தலைமையாசிரியர் கூப்பிட்டு, "ஒருத்தன் பண்ணின தப்புக்காகப் பள்ளிக்கூடமே தோக்கணுமா சார்?" என்றார். கேப்டனையே இறக்கினேன், ஜெயித்தோம். இப்போது மாவட்டப் போட்டி வருகிறது. பிள்ளைகள் பயிற்சிக்கு ஆடி அசைந்து வருகிறார்கள். விசில் ஊதினால்கூடத் திரும்புவதில்லை. முடிவை மாற்றியது தவறா? இழந்த மரியாதையை எப்படித் திரும்பப் பெறுவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் கேப்டன் வருகிறான், தலைமையாசிரியர் வருகிறார், தாமதமாக வரும் பிள்ளைகள் வருகிறார்கள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் மட்டும் ஒரே வரியில் வந்து போய்விடுகிறான். போட்டியன்று அவனிடம் என்ன சொன்னீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அவனைப் பற்றித்தான் பேசவேண்டும்.

2019 பிப்ரவரி 24, லண்டன் வெம்ப்ளி மைதானம். லீக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டியில் செல்சியும் மான்செஸ்டர் சிட்டியும் மோதுகின்றன. கூடுதல் நேரமும் முடியப்போகிறது, கோல் விழவில்லை. அடுத்தது, கோல்கீப்பரை மட்டும் எதிரில் வைத்து இரு அணியும் மாறி மாறி உதைக்கும் பெனால்டி ஷூட்-அவுட். தசைப்பிடிப்பால் கீழே விழுந்து கிடந்த கோல்கீப்பர் கெபா அரிசபலகாவை வெளியே எடுத்துவிட்டு வில்லி கபயேரோவை அனுப்ப முடிவு செய்தார் செல்சி பயிற்சியாளர் மௌரிசியோ சாரி. மாற்றத்துக்கான பலகை உயர்ந்தது. கெபா கையை ஆட்டி, வரமாட்டேன் என்றார். சாரி கோட்டோரம் நின்று கத்தினார், கோபத்தில் மைதானத்தை விட்டே போகப் பார்த்தார், பிறகு திரும்பி வந்தார். மாற்றம் நடக்கவில்லை. ஷூட்-அவுட்டில் கெபா ஒரு பந்தைத் தடுத்தும் செல்சி 4-3 என்று தோற்றது. காயம் எவ்வளவு என்பதில் ஏற்பட்ட குழப்பம் என்று பிறகு இருவருமே விளக்கம் சொன்னார்கள்.

உலகம் கெபாவையும் சாரியையும் பற்றிப் பேசித் தீர்த்தது. எனக்கு மனசு கேட்காமல் போனது கபயேரோவுக்காக. 2016இல் இதே வெம்ப்ளியில், இதே கோப்பையின் இறுதிப் போட்டியில், இதே சிட்டி அணிக்காக லிவர்பூலின் மூன்று பெனால்டிகளைத் தடுத்தவர் அவர். கையுறை மாட்டிக்கொண்டு கோட்டருகே தயாராக நின்றார். வரச் சொன்னார்கள், வந்தார். வேண்டாம் என்று ஆனதும் போய் உட்கார்ந்தார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

அடம்பிடித்தவனிடம் பயிற்சியாளரின் மதிப்பு குறைந்தால் சமாளித்துவிடலாம். சொல் கேட்டவனிடம் குறைந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் எந்த அணியும் ஓடுவது சொல் கேட்பவர்களை வைத்துத்தான். ஒழுங்காக வந்து, சொன்னதைச் செய்தால் என்ன கிடைக்கும் என்று அவர்கள் அன்றைக்கு ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் கேப்டனைப் பார்த்துக் குளிர்விட்டுப் போனார்கள் என்று நினைக்கிறீர்கள். அந்தச் சின்னப் பையனுக்கு நடந்ததைப் பார்த்து மனம் விட்டுப்போனார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

சாரி சும்மா இருக்கவில்லை. கிளப் கெபாவுக்கு ஒரு வாரச் சம்பளத்தை அபராதமாக விதித்தது. மூன்றே நாளில் டாட்டன்ஹாமுடன் ஆட்டம். அந்த மாதம்தான் சிட்டியிடம் 6-0 என்று உதை வாங்கியிருந்தார்கள், சாரியின் வேலையே தொங்கலில் இருந்தது. அப்படியும் கெபாவை உட்காரவைத்துவிட்டு கபயேரோவை இறக்கினார். செல்சி 2-0 என்று ஜெயித்தது. அடுத்த ஆட்டத்தில் கெபா திரும்பினார். மே மாதம் ஐரோப்பா லீக் அரையிறுதி ஷூட்-அவுட்டில் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தவரும் அவரே. அந்தக் கோப்பையை செல்சி வென்றது. தனக்கு வலிக்கக்கூடிய ஆட்டத்தில், கபயேரோவுக்குச் சேரவேண்டியதைச் சாரி கொடுத்தார். அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

முடிவை மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. 2017இல் அமெரிக்கக் கால்பந்தில் பஃபலோ பில்ஸ் பயிற்சியாளர் ஷான் மெக்டர்மட், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டைராட் டெய்லரை உட்காரவைத்துவிட்டு புதுமுகம் நேதன் பீட்டர்மேனை இறக்கினார். முதல் பாதியிலேயே பீட்டர்மேன் எறிந்ததில் ஐந்து பந்துகள் எதிரணியின் கையில் போய் விழுந்தன. இரண்டாம் பாதியில் டெய்லர் வந்தார், அடுத்த வாரமும் அவரே தொடர்ந்தார். 1999 சீசனுக்குப் பிறகு முதல் முறையாக அந்த அணி பிளே-ஆஃப் என்னும் வெளியேற்றுச் சுற்றுக்குப் போனது. மெக்டர்மட் ஏன் மாற்றினார் என்று எவரும் கேட்கத் தேவையில்லை, காரணம் எல்லோர் கண்ணெதிரேயும் நடந்தது. நீங்கள் மாற்றியதற்கான காரணம் தலைமையாசிரியர் அறைக்குள் இருந்தது. பிள்ளைகளுக்கு அது தெரியாது.

அதனால் அணியை உட்காரவைத்துச் சொல்லுங்கள். தலைமையாசிரியரை இழுக்காதீர்கள், இறக்கியது நீங்கள்தான். "நான் ஒன்று சொன்னேன், வேறு செய்தேன். அதில் நஷ்டம் இவனுக்கு" என்று அந்தப் பையன் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். கேப்டனை இப்போது தண்டிக்க வேண்டாம். கெபா எதிர்த்து நின்றார், உங்கள் கேப்டன் இறங்கச் சொன்னதால் இறங்கினான். ஆனால் மாவட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் முதல் செட்டை அந்தச் சின்னப் பையனுக்குக் கொடுங்கள். பத்துப் புள்ளி பின்தங்கினாலும் செட் முடியும்வரை அவனை எடுக்காதீர்கள். கேப்டனிடம் முந்தின நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள், தன் அட்டாக்கர்களுக்கு எந்த உயரத்தில் பந்தைத் தூக்கினால் பிடிக்கும் என்று அவனே அந்தப் பையனுக்குக் காட்டிக்கொடுக்கட்டும்.

தலைமையாசிரியரிடம் இந்த வாரமே போய்ப் பேசுங்கள். முதல் செட் யாருக்கு, ஏன் என்று விளக்கி, தோற்றால் பழி உங்கள் தலையில் என்பதையும் சொல்லி, அவர் சம்மதத்தை வாங்குங்கள். அது கிடைத்த பிறகு பிள்ளைகளிடம் அறிவியுங்கள்.