அமெரிக்காவில் நகர நிர்வாகங்களே மாநிலச் சட்டமன்றத்தில் ஆதரவு திரட்ட ஆள் வைப்பது ஏன்?

அரசாங்கமே இன்னொரு அரசாங்கத்திடம் போய் ஆதரவு திரட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். விசித்திரமாகத்தான் தெரியும். ஆனால் அமெரிக்க அரசியலமைப்பில் நகரங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. 1868-ல் அயோவா நீதிபதி ஜான் டில்லன், நகரங்கள் மாநிலச் சட்டமன்றத்தின் படைப்பு, அது கொடுத்த அதிகாரம் மட்டுமே அவற்றுக்கு உண்டு என்றார். 1907-ல் உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய அதையே சொன்னது. பிறகு பல மாநிலங்கள் தன்னாட்சி உரிமை கொடுத்தன. ஆனாலும் நகர மன்றம் போட்ட விதியை மாநிலம் ஒரே மசோதாவில் செல்லாததாக்கிவிட முடியும். குறைந்தபட்சக் கூலி, பிளாஸ்டிக் பைத் தடை எல்லாவற்றிலும் இது நடந்திருக்கிறது.

அதனால் நகரம் வைக்கும் ஆளுக்கு, வரும் மசோதாக்களைக் கண்காணிப்பதுதான் பாதி வேலை. டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான், அதுவும் 140 நாள். அதற்குள் ஆயிரக்கணக்கில் மசோதாக்கள் வந்து குவியும். சொத்து வரி உயர்வுக்கு உச்சவரம்பு வைக்கும் ஒரு திருத்தம் எங்கோ உட்பிரிவில் ஒளிந்திருக்கும்.

இங்கேதான் நகரங்களின் கூட்டமைப்புகள் உதவுகின்றன. தேசிய அளவில் 1924-ல் தொடங்கிய நேஷனல் லீக் ஆஃப் சிட்டீஸ் இருக்கிறது, மாநிலங்களிலும் தனித்தனியே உண்டு. அவை அனுப்பும் அறிக்கையில் மசோதா எண், எந்தக் குழுவில் இருக்கிறது, அந்தக் குழு கருத்துக் கேட்கும் கூட்டம் என்றைக்கு என்பதெல்லாம் இருக்கும். அப்புறம் மேயரே அந்தக் கூட்டத்துக்கு நேரில் போய்ச் சில நிமிடம் பேசுவார். என்னைக் கேட்டால், பொதுவான கொள்கைப் பேச்சைவிட, "இது நிறைவேறினால் இந்தத் தீயணைப்பு நிலையத்தை மூட வேண்டிவரும்" என்பதுதான் எடுபடும்.