சொட்டு மருந்தும் பிஞ்சுக் குடலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்ர பிள்ளைக்குப் போலியோச் சொட்டும் விட்டு ஊசியும் போட்டவை. ஒரு நோய்க்கு ஏன் இரண்டு? (தாய், கிளிநொச்சி)

பதில்: சொட்டில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். அது குடலில் பெருகினால்தான் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். எல்லாப் பிள்ளைகளிலும் அது பெருகுவதில்லை. மூன்று தடவை விட்டும் பல பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி வரவில்லை என்பதை 1970களிலேயே வேலூரில் டொக்டர் ஜேக்கப் ஜோன் காட்டினார். ஊசி குடலை நம்பியிருப்பதில்லை. போலியோ வைரஸ் மூன்று வகை; 2016இல் சொட்டிலிருந்து இரண்டாம் வகையை நீக்கிவிட்டார்கள். அந்த வகைக்கு இப்போது ஊசிதான் காவல்.

அதற்காகச் சொட்டைக் குறைவாக நினைக்க வேண்டாம். அது விடுவதற்காகப் போருக்கு நடுவிலும் வெடிச்சத்தம் ஓய்ந்த நாட்களை வன்னியில் மூத்தவர்கள் அறிவார்கள். 1993க்குப் பிறகு இலங்கையில் போலியோ இல்லை.

கேள்வி: ஏழை நாட்டுக் குழந்தைகளில்தான் சொட்டின் பலன் குறைவாம். வெயிலில் மருந்து பழுதாகிறதா? (ஆசிரியர், முள்ளியவளை)

பதில்: பழுதாகலாம். ஆனால் குளிர் குறையாமல் வைத்துக் கொடுத்தாலும் வித்தியாசம் தெரிகிறது. கர்ப்பத்திலேயே தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி மருந்து வைரஸை அடக்கிவிடும். சுத்தமில்லாத தண்ணீரும் மலசலகூடக் குறையும் உள்ள இடங்களில் குடலில் வேறு வைரஸ்கள் முன்பே குடியிருக்கும். பொதுக் கிணற்றடியில் சனம் நிறைந்திருந்தால் பிந்தி வந்தவர் வாளி விட முடியுமா? திரும்பத் திரும்ப வரும் தொற்றால் குடலின் உட்சுவரும் தேய்கிறது, போசாக்குக் குறைவு வேறு. கிருமியைக் குறைத்தால் சரிவருமோ என்று வேலூரில் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் என்ற பக்டீரியாக் கொல்லி மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி குறைந்தது, சொட்டின் பலன் கூடவில்லை. ஒற்றைக் காரணத்தைப் பிடித்துத் தொங்குபவர்களை நான் நம்புவதில்லை.

கேள்வி: தாய்ப்பாலும் தடுக்குமாமே, சொட்டு விடும் நாளில் பாலை நிறுத்தவா? (இளம் தாய், மாங்குளம்)

பதில்: வேண்டவே வேண்டாம். தென்னாபிரிக்காவிலும் பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் ரோட்டா என்ற வயிற்றோட்ட வைரஸுக்கான சொட்டுக்கு முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் பாலை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு நன்மையும் இல்லை.

கேள்வி: ரோட்டா சொட்டு தனியாரிடம் காசுக்குத்தான் கிடைக்கிறது. பாதிதான் வேலை செய்யுமென்றால் எதற்குச் செலவு? (தகப்பன், வவுனியா)

பதில்: 2010இல் வெளிவந்த ஆய்வில் கடும் ரோட்டா வயிற்றோட்டத்தை அது தென்னாபிரிக்காவில் 77 வீதமும் மலாவியில் 49 வீதமும் தடுத்தது. ஆனால் நூறு குழந்தைக்கு ஆண்டுக்கு எத்தனை கடும் நோய் தவிர்ந்தது என்று பார்த்தால், தென்னாபிரிக்காவில் 4.2, மலாவியில் 6.7. நோய் மலிந்த இடத்தில் அரைகுறை மருந்தும் அதிகம் பேரைக் காக்கும். வசதியிருந்தால் கொடுங்கள், ஆனால் பிந்த வேண்டாம். முதல் சொட்டை ஆறு வாரத்திலிருந்து விடலாம். கொடுத்தாலும் கொதித்தாறிய நீரையும் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற்றை வீட்டில் வைத்திருப்பதையும் கைவிட வேண்டாம்.

கேள்வி: போலியோச் சொட்டு விட்டவுடனே மகன் சத்தி எடுத்தான். (ஒட்டுசுட்டான்)

பதில்: கிளினிக்கை விட்டுப் போகுமுன் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள், திரும்ப விடுவார். வயிற்றோட்டம் இருந்தாலும் சொல்லுங்கள். அன்றும் சொட்டு விடலாம், பிறகு மேலதிகமாக ஒரு தடவை தேவைப்படும்.