ஹோமரின் கடலும் மனிதர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தபின் அவருடைய நீர்வண்ண ஓவியங்களைக் கால வரிசையில் பார்த்தேன். முதலில் படகுச் சிறுவர்கள், பிறகு மீனவப் பெண்கள், பின்னர் பாறையும் அலையும் மட்டும். மனிதரை வெறுத்து ஒதுங்கியவரின் கடல் என்று இதைக் கொள்ளலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்படிக் கொள்ள முடியாது என்றே நினைக்கிறேன். 1883இல் மேய்ன் மாநிலத்தின் ப்ரௌட்ஸ் நெக் என்ற பாறை முனைக்குக் குடிபெயர்ந்த ஹோமர், 1910இல் இறக்கும்வரை அதையே தன் இடமாகக் கொண்டு பெரும்பாலும் தனித்தே வாழ்ந்தார் என்பது உண்மை. ஆனால் அந்தத் தனிமையைக் கொண்டு படங்களை விளக்கத் தொடங்கினால், தாளின் மேல் நிகழ்ந்த மாற்றம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

1873இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிளாஸ்டர் துறைமுகத்தில் நீர்வண்ணத்தைத் தீவிரமாகக் கையிலெடுத்தபோது, அவர் பத்திரிகைகளுக்குச் சித்திரம் வரைந்து தேர்ந்தவராக இருந்தார். அந்தப் படங்களில் கோடுகள் தெளிவானவை, வண்ணம் பல இடங்களில் ஒளி புகாதது. கடல் சிறுவர்களுக்குப் பின்னால் விரித்த திரையாகவே இருக்கிறது. 1881-82இல் இங்கிலாந்தின் வடகடலோரக் கிராமமான கல்லர்கோட்ஸில் வரைந்தவற்றில், காற்றின் வேகத்தை மீனவப் பெண்களின் சாய்ந்த உடலிலும் படபடக்கும் உடையிலும்தான் நாம் அறிகிறோம். அங்கே கடலை அளக்கும் கோல் மனித உடல். ப்ரௌட்ஸ் நெக்கில் அந்த வேலையைப் பாறை ஏற்றுக்கொண்டது.

இதற்கு நீர்வண்ணத்தின் இயல்பும் துணைநின்றது. நுரையின் வெண்மை பெரும்பாலும் வண்ணம் தொடாமல் விட்ட, அல்லது ஈரத்தில் ஒற்றியும் கத்தியால் சுரண்டியும் மீட்ட தாளின் வெண்மையே. பக்கத்தில் பாறையின் கருமை அழுத்தமாக நிற்கும்போதுதான் அந்த வெறுந்தாள் நுரையாகிறது. மனித உருவம் இருந்தால் நம் கண் முதலில் அதனிடம்தான் செல்லும். 1895இல் தீட்டிய ‘நார்த்ஈஸ்டர்’ என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தில் பாறைமேல் பதுங்கியிருந்த இரண்டு ஆட்களை அவர் சில ஆண்டுகளில் அழித்துவிட்டார். அவர்கள் பிழைப்பார்களா என்ற கவலை நீங்கியதும், பார்வை முழுவதும் அலையின் எடைமேல் விழுகிறது.

வெறுப்புதான் காரணம் என்றால் 1899இல் பஹாமாஸில் தீட்டிய ‘சூறாவளிக்குப் பின்’ நீர்வண்ணத்தை எப்படி விளக்குவது? உடைந்த படகருகே மணலில் ஒருவன் கிடக்கிறான். அந்த உடலின் மேல் ஓவியர் காட்டியிருக்கும் பரிவு மறைக்க முடியாதது. சிகாகோ கலைக்கூடத்தில் உள்ள இப்படத்தையும், அங்கேயே இருக்கும் 1883ஆம் ஆண்டின் ‘ப்ரௌட்ஸ் நெக், பிரேக்கர்ஸ்’ படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்