பாலிடனலுக்குத் தண்ணீர்: குழாய்க்காரரிடம் கேளுங்கள்

இங்கிலாந்தில் வீட்டுக் குழாய் வேலை பார்த்தே என் காலம் போகிறது. போன வருடம் முதல் நம் ஆட்களில் பலர் பின்தோட்டத்தில் பாலிடனல் (செடி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரம்) போட்டுவிட்டு, தண்ணீர் எப்படிக் கொண்டுபோவது என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே கேளுங்கள். நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் விதிகள். செடி பற்றி மட்டும் கேட்க வேண்டாம். என் வீட்டுக் கறிவேப்பிலையே என் பேச்சைக் கேட்பதில்லை.

ஹாரோவிலிருந்து: வீட்டுக்கும் பாலிடனலுக்கும் 30 மீட்டர். எந்த பைப், எப்படிப் போடுவது? முதலிலிருந்து சொல்லுங்கள் அண்ணா.

கடைக்குப் போனால் நீல நிற எம்டிபிஇ (MDPE) பிளாஸ்டிக் பைப் சுருளாக இருக்கும். வெளிவிட்டம் 20 மில்லிமீட்டரும் இருக்கும், 25 மில்லிமீட்டரும் இருக்கும். விலையைப் பார்த்து 20ஐத் தூக்காதீர்கள். நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடினால், 30 மீட்டர் தூரத்தில் 25 மில்லி பைப் சுமார் 2 மீட்டர் அழுத்தத்தைத் தின்னும். அதே ஓட்டத்துக்கு 20 மில்லி பைப் 7 மீட்டருக்கு மேல் தின்றுவிடும். 10 மீட்டர் என்றால் 1 பார். வீட்டுக்கு வருவதே 2 பார் என்றால், கடைசியில் பூவாளியில் எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சமையலறை சிங்க் கீழே இருக்கும் ஸ்டாப்காக்கை (வீட்டுத் தண்ணீரை மூடும் வால்வு) தாண்டி ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டுப் பிரியுங்கள். பிரிந்தவுடன், வீட்டுக்குள்ளேயே, வரிசையாக மூன்று: மூடும் வால்வு, டபுள் செக் வால்வு (தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுப்பது), தண்ணீரை வடிக்க ஒரு சின்னக் குழாய். மூன்றும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அலமாரிக்குப் பின்னால் வைத்து மூடிவிட்டுப் பிறகு என்னைக் கூப்பிடாதீர்கள். சுவரைத் தாண்டும் இடத்தில் பைப்பை நேராகச் சிமெண்டில் பதிக்காமல் ஓர் உறைக்குள் விட்டு, இடைவெளியை அடைத்துவிடுங்கள்.

பள்ளத்தின் ஆழம், பைப்பின் மேல்பக்கத்திலிருந்து தரைமட்டம் வரை, குறைந்தது 750 மில்லிமீட்டர். அதிகபட்சம் 1350. இது 1999ஆம் ஆண்டு விதி. அடியில் கூரான கல்லைப் பொறுக்கிவிட்டு மணல் பரப்புங்கள். பைப்பைக் கயிறு மாதிரி இழுத்துக் கட்டாமல், பாம்பு போகிற மாதிரி லேசாக நெளித்துப் போடுங்கள். குளிர்ந்த தண்ணீர் வந்ததும் இந்த பிளாஸ்டிக் சுருங்கும். இறுக்கிப் போட்டால் இணைப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். இணைப்பு மாட்டும்போது பைப் வாயில் செருகும் சின்ன உள்வளையத்தை மறக்காதீர்கள். நான் போய்ப் பார்த்த கசிவுகளில் பாதிக்கு மேல் அந்த வளையம் பெட்டியிலேயே கிடந்ததால் வந்தவை.

மண் மூடுவதற்கு முன் தண்ணீர் விட்டு ஓர் இரவு அப்படியே வையுங்கள். காலையில் இணைப்புகளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அப்புறம் மூடுங்கள். பாதி ஆழத்தில் ஓர் எச்சரிக்கைப் பட்டையும் போட்டால், பத்து வருடம் கழித்துத் தோண்டுபவர் உங்களைத் திட்டமாட்டார். பாலிடனலுக்குள் பைப் மேலே ஏறும் இடம்தான் முதலில் உறையும். அடியிலிருந்து குழாய்வாய் வரை நுரை உறை போடுங்கள். நீல பைப்பில் வெயில் படவும் கூடாது.

கடைசியாக ஒன்று. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். தோண்டும் முன் கேஸ், கரண்ட் எங்கே போகிறது என்று பாருங்கள்.

கிராய்டனிலிருந்து: அண்ணை, ஒரு அடியில் தாட்டால் காணாதா? முதுகு ஏலாது.

காணாது. உங்கள் சொல்லிலேயே சொல்லிவிட்டேன். ஒரு அடி மண்ணை உறைபனி எட்டிவிடும், மண்வெட்டியும் எட்டிவிடும். தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். பெருகுவதற்கு இடம் எங்கே? சின்ன மினி டிக்கர் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும். முதுகை அதற்குக் கொடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: தண்ணீர் மீட்டருக்கு முன்னால் எடுக்கலாமா?

அதற்குப் பெயர் திருட்டு.

ஈஸ்ட் ஹாமிலிருந்து: இவ்வளவு பாடு தேவையா? வெளிக்குழாயில் ஹோஸ் மாட்டினால் போதாதா?

போதும் அக்கா. பத்து மீட்டர் தூரமென்றால் நானே அதைத்தான் சொல்வேன். கோடையில் பாலிடனலுக்குள் கிடக்கும் ஹோஸில் தண்ணீர் சுட்டுப்போய் நிற்கும். அதில் கிருமி வளரும். அதனால் முதலில் வரும் தண்ணீரைப் பூவாளி மூக்கில் தெளிக்காமல், ஹோஸைத் தரையில் வைத்துச் சும்மா ஓடவிட்டு, குளிர்ந்த பிறகு பயன்படுத்துங்கள். பனிக்காலத்துக்கு முன் ஹோஸைக் கழற்றி வடித்துவிடுங்கள்.

ஆனால் அந்தக் குழாயில் டபுள் செக் வால்வு இருக்கிறதா? ஒரு வீட்டில் சமையலறைக் குழாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் வருகிறது என்று கூப்பிட்டார்கள். போனேன். சிங்க்கில் சாணி வாடை. பின்தோட்டத்தில் 200 லிட்டர் டிரம் நிறைய சாணிக் கரைசல். ஹோஸின் நுனி அதன் அடியில் முழுகிக் கிடந்தது. காலையில் தெருவில் மெயின் பைப்பை மூடி வேலை பார்த்திருக்கிறார்கள். அழுத்தம் இறங்கியதும் வீட்டுக் குழாய் ஹோஸ் வழியாக டிரம்மை உறிஞ்சிவிட்டது. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அதற்கு அன்று பால் கரைக்கவில்லை என்று பாட்டி மூன்று முறை சொன்னார், எனக்கல்ல, தனக்குத்தானே.

வால்வு இருந்தாலும் ஹோஸ் நுனியை டிரம்முக்குள் போடாதீர்கள். டபுள் செக் வால்வு சாணிக் கரைசலுக்கு ஏற்பட்டதல்ல.

லெஸ்டரிலிருந்து: எங்கள் தோட்டத்தில் ஒன்றரை அடிக்குக் கீழே ஒரே கல். 45 சென்டிமீட்டர் போதுமா?

750. உண்மையிலேயே முடியாதென்றால் தண்ணீர் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதி, நல்ல உறை போட்டு, அவர்கள் சம்மதத்துடன் போடுங்கள்.

ஸ்லாவிலிருந்து: குழாய்த் தண்ணீர் ஊற்றினால் கறிவேப்பிலை மஞ்சளாகிறது. குளோரின்தானே காரணம்?

செடி பற்றிக் கேட்க வேண்டாம் என்றேன்.

இதை எழுதிவிட்டுத் தேநீர் போடப் போனேன். திரும்பி வருவதற்குள் பதினேழு பேர் பதில் எழுதியிருக்கிறீர்கள். குழாய்க்கு இவ்வளவு பேர் வரவில்லை. புளித்த மோர் ஊற்று என்கிறார் மதுரைக்காரர் ஒருவர். இரும்பாணியைத் தொட்டியில் புதைக்கச் சொல்கிறார் இன்னொருவர். யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீருக்கு மரமாக நின்றது, அங்கே யார் மோர் ஊற்றினார்கள் என்கிறார் கிராய்டன் அண்ணர். தஞ்சாவூர் அக்கா அதற்கு, அங்கே பனி இல்லையே என்கிறார். இரண்டு பேர் அரிசி கழுவிய தண்ணீருக்காகச் சண்டை போடுகிறார்கள்.

சரி, தண்ணீர் என் இலாகா என்பதால் அதை மட்டும் சொல்கிறேன். குளோரின் அல்ல. லண்டன் சுற்றுவட்டாரத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். உங்கள் கெட்டிலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். வருடக்கணக்கில் அதையே தொட்டியில் ஊற்றினால் மண் காரத்தன்மை (புளிப்புக்கு எதிர்) அடைந்துவிடும். மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதுதான் கதை. மோர் வேலை செய்கிறது என்றால் அதன் புளிப்புதான் காரணமாக இருக்க வேண்டும். ஆணிக்காரர் மன்னிக்க வேண்டும், காரமான மண்ணில் ஆணியும் சும்மாதான் கிடக்கும். மழைத் தண்ணீர் ஊற்றுங்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்தால் பயந்துபோய் இன்னும் அதிகமாக ஊற்றாதீர்கள். வேர் அழுகித்தான் இங்கே பாதிச் செடி போகிறது. சூடு இல்லாத பாலிடனலில் டிசம்பரில் விட்டுவைக்காமல் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

அரிசி கழுவிய தண்ணீர் பற்றி நான் வாயைத் திறக்கப்போவதில்லை.

தஞ்சாவூர் அக்கா, இப்போது ரெடிங்கிலிருந்து: அப்படியானால் மழைத்தொட்டியையும் மெயின் பைப்பையும் ஒரு டீ போட்டுச் சேர்த்துவிட்டால்? மழை இருந்தால் மழை, இல்லாவிட்டால் மெயின். நடுவில் ஒரு வால்வு.

அக்கா, வேண்டாம். மேலே சாணி டிரம் கதையை இன்னொரு முறை படியுங்கள். கூரையில் புறா எச்சம் பட்டு வரும் தண்ணீருக்கும் தெருவே குடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு வால்வு போதாது. வால்வில் ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், அது மூடாது. இரண்டும் சேரலாம், ஆனால் காற்றைத் தாண்டித்தான் சேர வேண்டும். மெயின் குழாயின் வாய் தொட்டித் தண்ணீருக்கு மேலே தொங்க வேண்டும். தொட்டி நிரம்பி வழியும் மட்டத்துக்கும் குழாய்வாய்க்கும் இடையில் குறைந்தது 20 மில்லிமீட்டர், அல்லது குழாயின் உள்விட்டத்தைப் போல் இரு மடங்கு, எது அதிகமோ அது. மழைத் தண்ணீர் நிரம்பினால் வழிந்து வெளியேறும் வாயும் தடையில்லாமல் திறந்திருக்க வேண்டும். காற்றுக்கு வால்வு மாதிரி பழுது வராது.

மில்டன் கீன்ஸிலிருந்து: டைமர் வைத்துச் சொட்டுநீர் போடலாமா?

போடலாம். கையால் திறந்து மூடாத எந்தத் தோட்டப் பாசனத்துக்கும் முன்கூட்டியே தண்ணீர் கம்பெனிக்கு எழுத வேண்டும். பத்து வேலை நாளில் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சொட்டுக்குழாய் மண்ணோடு மண்ணாகக் கிடப்பதால் இங்கும் டபுள் செக் வால்வு போதாது. நான் செய்வது, பாலிடனலுக்குள் ஒரு மீட்டர் உயரத்தில் மிதவை வால்வுடன் தொட்டி, மேலே சொன்ன காற்று இடைவெளியோடு. அதிலிருந்து சொட்டுக்குழாய். அழுத்தம் 0.1 பார்தான் கிடைக்கும், அதனால் குறைந்த அழுத்தத்துக்கான சொட்டுவாயாகப் பார்த்து வாங்குங்கள்.

வெம்பிளியிலிருந்து: 60 சென்டிமீட்டர்?

750 மில்லிமீட்டர்.

லூட்டனிலிருந்து: இரண்டடி?

இரண்டடி 610 மில்லிமீட்டர்தான். மேலே படியுங்கள்.

கிராய்டனிலிருந்து மறுபடியும்: அண்ணை, மினி டிக்கர் எடுக்கவில்லை, மகனை வைத்துத் தோண்டுகிறேன். வீட்டின் பக்கவாட்டில் ஒன்றே கால் அடியில் மஞ்சள் பைப் ஒன்று தெரிகிறது. அதற்குக் கீழால் கொண்டுபோகலாமா?

மகனைப் பள்ளத்திலிருந்து வெளியே வரச் சொல்லுங்கள். மஞ்சள் என்றால் கேஸ். வீட்டுக் கேஸ் பைப் ஏறக்குறைய அந்த ஆழத்தில்தான் வரும். மண்வெட்டி, கடப்பாரை எதுவும் அதன் பக்கம் போகக்கூடாது. பைப்பில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். லேசாக வாடை வந்தாலும் யாரும் நெருப்பு பற்றவைக்க வேண்டாம், வீட்டுக்குள் சுவிட்சைத் தொட வேண்டாம், தள்ளி நின்று கேஸ் அவசர எண் 0800 111 999ஐக் கூப்பிடுங்கள். வாடையே இல்லையென்றால் அப்படியே விட்டுவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நாளை சாயங்காலம் வருகிறேன். அதுவரை யாரும் தோண்டக்கூடாது.