மொபைல் டவரும் சைப்ரஸ் மரமும்

வணக்கம். ஓவியர் வான்கோவின் ‘நட்சத்திர இரவு’ படத்தின் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். அதை வைத்து அக்ரிலிக்கில் ஒரு படம் வரைந்தேன். அதில் உயரமாகக் கூம்பி நிற்கும் சைப்ரஸ் மரம் இருந்த இடத்தில், மொட்டைமாடியிலிருந்து தெரியும் மொபைல் டவர். கிராமத்துக்குப் பதில் அடுக்குமாடி வீடுகள். வானத்தை மட்டும் அப்படியே சுழல்களாக விட்டேன். எங்கள் வானத்தில் இரண்டு மூன்று நட்சத்திரம் தெரிந்தாலே அதிகம். பார்த்த நண்பர் ‘காப்பி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். படத்தை இணைத்திருக்கிறேன். இதில் என் பெயரைப் போடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாகப் போடுங்கள். வான்கோ 1890இல் இறந்துவிட்டார். அவர் படங்களின் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ‘காப்பி’ என்பதை வசையாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். வான்கோவே காப்பி எடுத்தவர்தான். 1887இல் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மர அச்சுப் படங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். பிரான்ஸில் சான்-ரெமி மனநல விடுதியில் இருந்தபோது பிரெஞ்சு ஓவியர் மிலேயின் படங்களைக் கருப்பு வெள்ளை அச்சில் வைத்துக்கொண்டு வரைந்தார். வண்ணம் முழுக்க அவருடையது. பீத்தோவனின் இசையை வாசிப்பவர் தன் விளக்கத்தையும் சேர்த்துத்தானே வாசிக்கிறார் என்று தம்பி தியோவுக்கு எழுதினார்.

எனக்கு உங்கள் படத்தில் இருக்கும் குறை வேறு. மூலப்படத்தை மறுபடி பாருங்கள். கிராமத்து வீடுகள் சின்னச் சின்ன நேர்க்கோடுகள். வானம் நீண்டு வளையும் தூரிகை வீச்சுகள். இரண்டும் ஒட்டாமல் போயிருக்க வேண்டியவை. சைப்ரஸ் நிலத்தில் வேரூன்றி, வானத்தைப் போலவே நெளிந்து மேலே போகிறது, அதனால்தான் ஒட்டுகின்றன. உங்கள் டவர் இரும்புச் சட்டம், அதுவும் நேர்க்கோடு. கீழே எல்லாம் நேர், மேலே எல்லாம் சுழல் என்று படம் இரண்டாகப் பிளந்துவிட்டது. மரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டீர்கள், அது செய்த வேலையை விட்டுவிட்டீர்கள்.

அப்புறம் அந்த வானம். வான்கோ கண்ணால் கண்டதை மட்டும் வரைந்தவர் இல்லை. அவர் அறை ஜன்னலிலிருந்து அந்தக் கிராமம் தெரியாது, அவராகவே சேர்த்ததுதான். ஆனால் 1889 கோடையில், விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, விடிவெள்ளி மிகப் பெரிதாக நிற்பதை அந்த ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். கற்பனைக்குக் கீழே ஒரு பார்வை இருந்தது. உங்கள் வானத்தில் இரண்டு மூன்று நட்சத்திரம் தெரிந்தாலே அதிகம் என்கிறீர்கள், படத்திலோ பத்துப் பதினொன்று சுழல்கின்றன. அவை உங்களுடையவை இல்லை.

உங்களுடையது எது தெரியுமா? டவர் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு வைத்து, அதைச் சுற்றிப் புகைபோல ஒரு செம்பழுப்பைத் தேய்த்திருக்கிறீர்கள். விளக்குகளின் வெளிச்சம் ஏறி அழுக்கேறிய ராத்திரி வானம் அது. அந்த உள்ளங்கை அகலத்தில் வான்கோ கிடையாது. அதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த படத்தை அங்கிருந்து தொடங்குங்கள். வான்கோ அச்சுப்படத்தைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிட்டு, ராத்திரி மாடிக்குப் போய் அந்தச் செம்பழுப்பு எங்கே சாம்பலாகிறது, எங்கே கருநீலமாகிறது என்று பாருங்கள். அவரிடமிருந்து எடுப்பதானால் தடித்த வண்ணத்தையும் திசையுள்ள தூரிகை வீச்சையும் எடுங்கள். ஒரே படத்தில் முடிய வேண்டும் என்றும் இல்லை. பிக்காஸோ, பழைய ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கேஸின் ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தை முன்வைத்து 1957இல் வரைந்த தொடரில் 58 படங்கள் இருக்கின்றன.

இந்தப் படத்தின் முன்பக்கம் உங்கள் பெயர் இருக்கட்டும். பின்பக்கம் ‘வான்கோவின் நட்சத்திர இரவைப் பார்த்து’ என்று தேதியோடு எழுதிவிடுங்கள். அடுத்ததை முடித்ததும் அவசியம் அனுப்புங்கள்.